அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் எல்லாரிடமும் எச்.ஐ.வி. விரைவுப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்பது சரியா?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர். எலும்பு முறிந்து வந்தாலும், நெஞ்சு வலியோடு வந்தாலும், காய்ச்சலோடு வந்தாலும், வயதுவந்த ஒவ்வொருவரிடமும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கேட்பதுதான் வழக்கமாக வேண்டுமே தவிர, சோதிப்பது கட்டாயமாகக் கூடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் விவாதம் திசைமாறிவிடும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்கு வேறு மருத்துவரே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்துகொள்ளும் வசதியோ பழக்கமோ உள்ளவர்கள் இங்கே குறைவு. எச்.ஐ.வி. தொற்றோ, சிகிச்சை இல்லாத நிலையில், பெரும்பாலானோருக்குப் பல ஆண்டுகள் குறிப்பிடத்தக்க அறிகுறி எதையும் காட்டாமல் இருக்கும். அந்த ஆண்டுகளில் அவர் சுளுக்குக்கும் வெட்டுக்காயத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் எங்களிடம் வந்து போயிருப்பார். கடைசியாக நிமோனியாவோடும் மூளைக்காய்ச்சலோடும் வரும்போதுதான் நாங்கள் சோதிக்கிறோம். அதற்குள், உடலின் எதிர்ப்பாற்றலைத் தாங்கும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழே போயிருக்கும்.

சிகிச்சை இன்று இருக்கும் நிலையில் இந்தத் தாமதத்துக்கு நியாயமே இல்லை. எதிர்ப்பாற்றல் இன்னும் வலுவாக இருக்கும்போதே, அதாவது சிடி4 500-க்கு மேல் இருக்கும்போதே மருந்தைத் தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோயும் மரணமும் பாதிக்கும் கீழாகக் குறைந்ததை 2015-இல் வெளியான ஸ்டார்ட் ஆய்வு காட்டியது. மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டு இரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளால் நிறுவப்பட்டுவிட்டது.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் 2006 செப்டம்பரிலேயே, 13 முதல் 64 வயது வரை உள்ள எல்லாருக்கும், அவசரப் பிரிவு உட்பட எல்லா மருத்துவ இடங்களிலும், மறுத்தால் தவிர சோதிப்பது என்ற முறையைப் பரிந்துரைத்தன. விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு 20 நிமிடத்தில் முடிவு சொல்லும் கருவிக்கு அங்கே 2002-இல் அனுமதி கிடைத்தது. வழியும் கருவியும் கிடைத்து இத்தனை காலம் ஆன பிறகும், பெரும்பாலான அவசரப் பிரிவுகளில் 'சந்தேகம் இருந்தால் சோதிப்போம்' என்பதே நடைமுறையாக நீடிக்கிறது. களத்தில் இருப்பவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். எதிர்க்கருத்தாக இருந்தாலும் விரிவாக எழுதுங்கள்.

இரவுப்பணி

மருத்துவர் அவர்களே, நீங்கள் சொன்ன மருத்துவக் காரணங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கப்போவது நீங்கள் அல்ல, என்னைப் போன்ற செவிலியர்.

வருபவர்களை அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தும் டிரையேஜ் மேசையில் ஒருவருக்கு எனக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், ஆக்ஸிஜன் அளவு, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்து, யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்று முடிவெடுக்க வேண்டும். விரைவுப் பரிசோதனை என்ற பெயரைக் கேட்பவர்கள் அது வேலையையும் விரைவாக்கும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒருவர் விரலைக் குத்தி, துளியை எடுத்து, கரைசலில் கலந்து, பெயரையும் நேரத்தையும் எழுதி, குறித்த நேரத்துக்கு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் சரியாகத் திரும்பிவந்து, தொற்றைக் குறிக்கும் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த 20 நிமிடத்துக்குள் மாரடைப்பு ஒன்று வந்துவிட்டால் கருவி மேசையில் கிடக்கும். நேரம் கடந்து வாசித்த முடிவை நம்பவும் முடியாது.

இடம் இதைவிடப் பெரிய சிக்கல். எங்கள் கட்டில்களுக்கு நடுவே இருப்பது துணித் திரை மட்டுமே. பக்கத்துக் கட்டிலின் உறவினர்கள் நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் கேட்பார்கள். நோயாளியின் தலைமாட்டில் அவருடைய கணவரோ மாமியாரோ அண்ணனோ நிற்பார். அந்த நிலையில் 'எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்கிறீர்களா' என்று கேட்டால், அவர் தனக்கு எது வேண்டும் என்று யோசித்துப் பதில் சொல்வாரா, அருகில் நிற்பவர் என்ன நினைப்பார் என்று யோசித்துச் சொல்வாரா? இதற்கு விடை இல்லாமல் திட்டத்தைத் தொடங்கினால், எண்ணிக்கை காட்டுவதற்காகச் சோதிக்கும் திட்டமாகத்தான் அது முடியும்.

ஆய்வகச் சாளரம்

நான் ஆய்வகத்தில் இருப்பவன். செவிலியர் சொன்னதோடு இன்னொன்றைச் சேர்க்க வேண்டும். விரைவுப் பரிசோதனையின் முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாரையும் சோதிப்பது ஆபத்தானது.

ஒரு கணக்கைப் பாருங்கள். இது விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள். 10,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் ஆயிரத்தில் இருவருக்கு, அதாவது 20 பேருக்கு, தெரியாத தொற்று இருக்கிறது. தொற்று இல்லாதவர்களில் 99.5 சதவீதம் பேருக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும் கருவியைப் பயன்படுத்துகிறோம். கேட்பதற்கு மிக நல்ல கருவியாகத் தோன்றும். ஆனால் மீதி அரை சதவீதம் என்பது 9,980 பேரில் ஏறத்தாழ 50 பேர். ஆக, கோடு தெரிந்த 70 பேரில் 50 பேருக்குத் தொற்றே இருக்காது. அதே கருவியை, நூற்றில் இருவருக்குத் தொற்று உள்ள ஒரு குழுவில் பயன்படுத்தினால், கோடு தெரியும் 250 பேரில் 200 பேருக்கு உண்மையிலேயே தொற்று இருக்கும். சோதிக்கப்படுவோரிடையே தொற்று எவ்வளவு குறைவோ, முதல் முடிவை அவ்வளவு எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. பாஸ்டன் நகரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வாய்த் திரவத்தைக் கொண்டு நடத்திய விரைவுப் பரிசோதனை பற்றி 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. சோதித்துக்கொண்ட 849 பேரில் 39 பேருக்கு ரியாக்டிவ், அதாவது தொற்று இருக்கலாம் என்று வந்தது. உறுதிப்படுத்தும் சோதனை வரை சென்ற 31 பேரில் 5 பேருக்குத்தான் தொற்று இருந்தது. 26 பேருக்கு இல்லை. இந்த 26 பேர் உறுதியான முடிவு வரும்வரை எந்த மனநிலையில் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உறுதிப்படுத்தும் சோதனையை முடிக்காத எட்டுப் பேரைப் பற்றி எனக்கு இன்னும் கூடுதலான கவலை உண்டு.

மறுபக்கம், கோடு தெரியாததும் முழு உறுதி அல்ல. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை மட்டும் தேடும் விரைவுக் கருவி, தொற்று ஏற்பட்ட 23 முதல் 90 நாட்களுக்குள்தான் அதைக் கண்டறியத் தொடங்கும். இந்தச் சாளர காலத்தில்தான் இரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். பிறருக்குப் பரவும் வாய்ப்பும் மிக அதிகம். அந்தக் கட்டத்தில் உள்ளவர் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு என்று சாதாரண வைரஸ் காய்ச்சல் போன்ற அறிகுறிகளோடு எங்கே வருவார்? அவசரப் பிரிவுக்குத்தான். சிரை இரத்தத்தில் வைரஸின் புரதமான ஆன்டிஜெனையும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனை 18 முதல் 45 நாட்களில் கண்டுபிடித்துவிடும். இத்தகைய சோதனையைப் பயன்படுத்திய அமெரிக்காவின் ஒன்பது அவசரப் பிரிவுகளில், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் இந்தத் தொடக்கக் கட்டத் தொற்றில் இருந்தார் என்று 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆன்டிபாடி கருவி மட்டும் இருந்திருந்தால் அவர்களில் பெரும்பாலோருக்குத் 'தொற்று இல்லை' என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

நெய்தல்

இரண்டு பதில்களுக்கும் நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட ஆழமாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆய்வக நண்பர் சொன்னதை ஏற்கிறேன். வேறு காரணத்துக்காக ஒருவரிடம் இரத்தம் எடுக்கிறோம் என்றால், அதே ஊசியில் இன்னொரு குழாயையும் நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் சிறந்த வழி. அப்போது செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் லண்டனிலும், தொற்று அதிகமுள்ள வேறு சில நகரங்களிலும் அவசரப் பிரிவுகளில் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த இரத்தத்திலேயே ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி இரண்டையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். அங்கே எச்.ஐ.வி.யைவிட ஹெபடைடிஸ் பி தொற்றுதான் அதிகம் பேரிடம் கண்டறியப்பட்டது. மூன்றையும் ஒன்றாகக் கேட்கும்போது எச்.ஐ.வி. என்ற ஒரு பெயர் மட்டும் தனித்து நிற்காததால், கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் தயக்கம் குறைகிறது.

ஆனால் விரைவுக் கருவிக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரத்தம் எடுக்கத் தேவையில்லாமல், தையல் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுபவரின் ஆய்வக முடிவு நாளை வந்தால், அவரைத் தேடிப் பிடிப்பது யார்? கொடுத்த தொலைபேசி எண்ணில் வேறொருவர் பேசுவார். முகவரி மாறியிருக்கும். இரவு நேரத்தில் ஆய்வகம் முழுமையாக இயங்காத மருத்துவமனைகளும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு, அவர் கண்முன்னே இருக்கும்போதே முடிவைச் சொல்லக்கூடிய ஒரே வழி விரைவுச் சோதனைதான்.

கூழாங்கல்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவன். ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொண்டு வருகிறேன். வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. இங்கே நோயாளிகளைப் பற்றி நீங்கள் எல்லாரும் பேசுவதால், நோயாளியாக ஒன்றைச் சொல்ல உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எனக்குத் தொற்று கண்டறியப்பட்டபோது எடை பாதியாகக் குறைந்து, நாக்கில் வெள்ளைப் படலம் படர்ந்து, மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். அக்கி வந்தது. விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. யாரும் கேட்கவில்லை. நான் திருமணமானவன், நல்ல வேலையில் இருப்பவன், பார்ப்பதற்கு 'அப்படிப்பட்டவன்' போல் இல்லை என்பதால் கேட்கத் தயங்கினார்கள் என்று பின்னர் புரிந்துகொண்டேன். கேட்டால் நான் அவமானப்பட்டுவிடுவேன் என்று என் நல்லதற்காகவே தயங்கியிருக்கிறார்கள். அந்த மரியாதை என் நுரையீரலைப் பாழாக்கியது.

தேர்ந்தெடுத்துச் சோதிப்பதில் உள்ள கொடுமை இதுதான். சந்தேகப்பட்டவரிடம் மட்டும் கேட்டால், கேள்வியே ஒரு குற்றச்சாட்டாகிவிடுகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குக் கேட்காமல் என்னிடம் மட்டும் கேட்டால், என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரிந்துவிடும், அவருக்கும் தெரிந்துவிடும். எல்லாரிடமும் கேட்கும்போது யாரைப் பற்றியும் யாருக்கும் ஒன்றும் தெரிவதில்லை. இரவுப்பணி அவர்கள் துணித் திரையைப் பற்றி எழுதியிருந்தார்கள். அது உண்மையான சிக்கல். ஆனால் திரைக்கு இருபக்கமும் ஒரே கேள்வி ஒலித்தால், திரை மெலிதாக இருப்பதால் வரும் தீங்கு குறையும். முடிவைச் சொல்லும்போது மட்டும் கண்டிப்பாகக் கதவுள்ள அறை வேண்டும். 'தொற்று இல்லை' என்பதைக் கட்டிலிலும் 'தொற்று உண்டு' என்பதை அறையிலும் சொன்னால், அறைக்கு அழைப்பதே அறிவிப்பாகிவிடும். எந்த முடிவாக இருந்தாலும் அறையில்தான் சொல்ல வேண்டும்.

சட்டக்கோல்

கூழாங்கல் அவர்கள் எழுதியதைப் படித்தபின் என் பதிலைத் திருத்தி எழுத நேர்ந்தது. இருப்பினும் ஒப்புதல் என்ற இடத்தில் எனக்கு ஐயங்கள் உள்ளன.

'மறுத்தால் தவிர' என்ற முறை இரண்டு விதமாக நடக்கலாம். சோதனை செய்யப்போகிறோம், வேண்டாம் என்றால் சொல்லுங்கள் என்று வாயால் தெளிவாகச் சொல்லிப் பதிலுக்குக் காத்திருப்பது ஒன்று. சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டு, யாரும் எதிர்க்கவில்லையே என்று இரத்தத்தைச் சோதிப்பது மற்றொன்று. இரண்டாவதை நான் ஒப்புதல் என்று ஏற்க மாட்டேன். வலியில் துடிப்பவர் சுவரைப் படிப்பதில்லை. எழுத்தறியாதவருக்கும் அந்த மொழி தெரியாதவருக்கும் அந்த அறிவிப்பால் பயனில்லை.

உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ஐந்து நிபந்தனைகளை வைத்திருக்கிறது: ஒப்புதல், இரகசியம், ஆலோசனை, சரியான முடிவு, சிகிச்சையோடு இணைப்பு. எந்த இடத்தில் சோதித்தாலும் இவை பொருந்தும். அவசரம் என்பதற்காக ஒன்றையும் விட்டுவிட முடியாது. சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்கப் பரிந்துரை, தனியாக எழுத்துமூல ஒப்புதல் தேவையில்லை, பொதுவான மருத்துவ ஒப்புதலே போதும் என்றது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தகவலறிந்த ஒப்புதலைக் கட்டாயமாக்கி, ஒருவரின் தொற்று நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. ஆகவே ஓரிடத்தில் வெற்றி பெற்ற படிவத்தை அப்படியே எடுத்து இன்னோரிடத்தில் பயன்படுத்த முடியாது.

அவசரப் பிரிவில் ஒப்புதல் தரும் நிலையிலேயே இல்லாதவர்கள் இருப்பார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. மயக்கத்தில் இருப்பவர், மது போதையில் இருப்பவர், கடும் வலி மருந்து கொடுக்கப்பட்டவர், காவலர் காவலில் அழைத்து வரப்பட்டவர் ஆகியோரிடம் வழக்கமான கேள்வி பொருந்தாது. அவருடைய அப்போதைய சிகிச்சையை முடிவு செய்யவே சோதனை தேவைப்பட்டால் அது வேறு. பொதுவான திட்டத்தின் பெயரால் அவர்களைச் சோதிக்கக் கூடாது. காவலில் உள்ளவர் 'சரி' என்று சொல்வதை முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்ளவும் நான் தயங்குவேன்.

பொதுநலன்

பொது சுகாதாரத் துறையில் இருப்பவன் என்ற முறையில், எல்லாரிடமும் கேட்பதா, ஆபத்துக் காரணிகள் உள்ளவர்களிடம் மட்டும் கேட்பதா என்ற கேள்விக்குச் சான்றுகள் என்ன சொல்கின்றன என்பதை எழுதுகிறேன்.

கூழாங்கல் அவர்களின் அனுபவம் அரிதானது அல்ல. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 2001 முதல் 2005 வரை கண்டறியப்பட்டவர்களை ஆராய்ந்தபோது, மிகத் தாமதமாகக் கண்டறியப்பட்டவர்களில் 73 சதவீதம் பேர் அதற்கு முன்பே ஏதோ ஒரு மருத்துவ நிலையத்துக்குச் சென்றிருந்தார்கள். அந்த வருகைகளில் பெரும்பாலானவற்றின் காரணம் எச்.ஐ.வி. சோதனையை நினைவூட்டக்கூடியதாகவே இல்லை. மருத்துவரின் கூர்மையை மட்டும் நம்பினால் இந்த வருகைகள் எல்லாம் கைநழுவும்.

ஆனால் எல்லாரிடமும் கேட்கும் திட்டமும் அற்புதம் நிகழ்த்துவதில்லை. டென்வர் நகரின் ஓர் அவசரப் பிரிவில் நடந்து 2010-இல் வெளியான பெரிய ஆய்வில், மறுத்தால் தவிர சோதிக்கும் முறையின்போதும் தகுதியுள்ளவர்களில் நான்கில் ஒருவரே சோதனை செய்துகொண்டார். புதிதாகக் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் மொத்தத்தில் அது சிறிய எண்ணிக்கைதான், அவர்களில் பலர் ஏற்கெனவே முற்றிய கட்டத்தில் இருந்தார்கள். எல்லாரிடமும் கேட்பதையும் ஆபத்துக் காரணிகளைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பதையும் நான்கு அவசரப் பிரிவுகளில் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வந்தது. தேர்ந்தெடுக்கும் முறை கூடுதலான புதிய தொற்றுகளைக் கண்டுபிடிக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் முறைக்கு நோயாளியிடம் பாலுறவு பற்றியும் ஊசிவழிப் போதைப்பொருள் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைக் கருதினால், அந்தக் கேள்விகளே தேவைப்படாத எளிய முறையைத் தேர்வதற்கு இது வலுவான காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொல்லத் துணிச்சல் உள்ளவர், பெரும்பாலும் தானாகவே சோதனைக்குப் போகும் துணிச்சலும் உள்ளவர்.

கேள்வியை எந்தச் சொற்களில் கேட்கிறோம் என்பதும் முடிவை மாற்றுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் ஓர் அவசரப் பிரிவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், 'வேண்டுமானால் கேளுங்கள்' என்று சொன்னபோது 38 சதவீதம் பேரும், 'இன்று சோதனை செய்துகொள்ள விரும்புகிறீர்களா' என்று நேராகக் கேட்டபோது 51 சதவீதம் பேரும், 'சோதிப்போம், வேண்டாமென்றால் சொல்லுங்கள்' என்றபோது 66 சதவீதம் பேரும் இசைந்தார்கள். சட்டக்கோல் அவர்களின் ஐயத்தை நினைவில் வைத்துச் சொல்வதென்றால், நடுவில் உள்ள நேரடிக் கேள்விதான் எனக்கு மனநிறைவு தருகிறது. மறுப்பதற்கான சுமையை நோயாளியின் தலையில் வைக்காமலேயே பாதிப் பேரை அது எட்டிவிடுகிறது.

சோதனைக்குப் பணம் யார் தருவது என்பதில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. நோயாளியிடம் கட்டணம் வாங்கினால் திட்டம் அன்றே முடிந்துவிடும். தொற்று மிக அரிதாக உள்ள இடங்களில் இத்திட்டம் செலவுக்கு ஏற்ற பயன் தராது என்பதையும் மறைக்க வேண்டாம். 2006 பரிந்துரையே, கண்டறியப்படாத தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று நிறுவப்பட்ட இடங்களுக்கு விலக்கு அளித்தது.

இரவுப்பணி

இந்தப் பதில்களைப் படித்த பிறகு என் எதிர்ப்பு நிபந்தனையாக மாறியிருக்கிறது. டிரையேஜ் மேசையில் கேட்க வேண்டாம். அங்கே உறவினர் கூட்டம் இருக்கும், நோயாளிக்குத் தன் வலியைத் தவிர வேறு நினைவு இருக்காது. இரத்தம் எடுக்கும்போதோ, முதல் சிகிச்சை முடிந்து நோயாளி சற்று அமைதியடைந்த பிறகோ கேட்பதுதான் சரி. இரத்தம் எடுக்கும் நேரத்தில் உறவினரை வெளியே நிற்கச் சொல்வது ஏற்கெனவே எங்கள் பழக்கம். யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றாது.

சொல்லும் சொற்களையும் முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். 'இங்கே வரும் வயதுவந்த எல்லாரிடமும் இதைக் கேட்கிறோம். இதே இரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சோதனைகளையும் செய்யலாம். முடிவை உங்களிடம் மட்டும் சொல்வோம். செய்துகொள்ள விரும்புகிறீர்களா? வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது.' இவ்வளவு போதும். 'எல்லாரிடமும்' என்ற சொல்லை எந்தக் காரணத்தாலும் விடக் கூடாது. கூழாங்கல் அவர்கள் சொன்னது அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஆனால் முடிவைச் சொல்வதையும், தொற்று உள்ளவரைச் சிகிச்சை மையத்தோடு இணைப்பதையும் எங்கள் தலையில் சுமத்தக் கூடாது. அதற்கென்று ஒருவர் வேண்டும், இரவிலும் வேண்டும். அவர் இல்லாத மருத்துவமனை, அவரை நியமித்த பிறகு திட்டத்தைத் தொடங்கட்டும்.

கூழாங்கல்

முடிவைச் சொல்லும் அந்த ஒருவருக்கு ஒரு வேண்டுகோள். முதல் கருவியில் கோடு தெரிந்தால் 'உங்களுக்குத் தொற்று இருக்கிறது' என்று சொல்லாதீர்கள். 'முதல் சோதனை ஒரு சைகை காட்டியிருக்கிறது. அது சரியா என்று இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும்' என்று சொல்லுங்கள். ஆய்வக நண்பர் காட்டிய கணக்குப்படி அதுதான் உண்மையும்கூட. உறுதியான பிறகு, பரவிய வழியைப் பற்றிய விசாரணையோடு தொடங்காதீர்கள். சிகிச்சை இருக்கிறது, நீங்கள் வாழப்போகிறீர்கள், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், வேலைக்குப் போகலாம் என்பதை முதலில் சொல்லுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம். முதல் பத்து நிமிடத்தில் கேட்ட சொற்கள்தான் ஒருவர் மருந்தைத் தேடிப் போவதா, இருட்டறையில் முடங்குவதா என்பதை முடிவு செய்கின்றன.

கூட வந்தவரிடம் உடனே சொல்லிவிடச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். வீட்டில் அடியும் உதையும் வாங்குகிற ஒரு பெண்ணுக்கு, அன்றிரவே கணவரிடம் சொல்லுங்கள் என்பது உயிருக்கே ஆபத்தான அறிவுரை.

நெய்தல்

அந்தக் கடைசி வரியை எங்கள் பிரிவில் அச்சிட்டு வைக்க அனுமதி தருவீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

மருத்துவர்களுக்காகச் சில செய்திகளைச் சேர்க்கிறேன். தொற்று உறுதியானவருக்கு ஏழு நாட்களுக்குள், அவர் தயாராக இருந்தால் அன்றே, மருந்தைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் பரிந்துரைக்கிறது. இதைக் கேட்டு அவசரப் பிரிவிலேயே எல்லாருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாம் என்று ஆர்வப்படக் கூடாது. தலைவலியும் கழுத்து விறைப்பும் உள்ளவருக்குக் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையாலோ காசநோயாலோ வரும் மூளைக்காய்ச்சல் இருக்கலாம். அப்படி இருந்தால் எச்.ஐ.வி. மருந்தை உடனே தொடங்குவது உயிரைப் பறிக்கக்கூடும். மூளைக்காய்ச்சலுக்குச் சிகிச்சை தொடங்கிக் குறைந்தது நான்கு வாரங்கள் காத்திருக்க வேண்டும். அவசரப் பிரிவில் கண்டறியப்படுபவர்களில் முற்றிய நிலையில் உள்ளவர்கள் அதிகம் என்பதால் இந்த எச்சரிக்கை எங்களுக்கு மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவை.

சோதனையில் தொற்று இல்லை என்று வருபவரையும் வெறுமனே அனுப்பிவிடக் கூடாது. கடந்த 72 மணி நேரத்துக்குள் அவருக்குத் தொற்று ஏற்படக்கூடிய நிகழ்வு நடந்திருந்தால், 28 நாட்களுக்கான தடுப்பு மருந்தை அப்போதே தொடங்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளாகி வருபவர்கள் விஷயத்தில் இதை மறப்பது மன்னிக்க முடியாதது. தொடர்ந்து ஆபத்து உள்ளவருக்கு, தொற்று வராமல் முன்கூட்டியே உட்கொள்ளும் முன்தடுப்பு மருந்து கிடைக்கும் இடத்தைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஏற்கெனவே தொற்றை அறிந்திருந்தும் ஏதோ ஒரு காரணத்தால் மருந்தை நிறுத்திவிட்டவர்களும் இந்தக் கேள்வியின் வழியே எங்களிடம் வெளிப்படுவார்கள். புதிய தொற்று அல்ல என்று அவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிடும் திட்டங்கள் பாதி வேலையைத்தான் செய்கின்றன.

ஆகவே ஒரு திட்டம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க, எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்ணை நான் கேட்க மாட்டேன். ரியாக்டிவ் என்று வந்தவர்களில் எத்தனை பேருக்கு உறுதியான முடிவு நேரில் சொல்லப்பட்டது, அவர்களில் எத்தனை பேர் முப்பது நாட்களுக்குள் மருந்து உட்கொள்ளத் தொடங்கினார்கள் என்ற இரண்டு எண்களையும் கேட்பேன். ஆய்வக நண்பரே, விரைவுக் கருவியில் கோடு தெரிந்தவரிடம் உறுதிப்படுத்தும் இரத்தத்தை எப்போது எடுக்கச் சொல்வீர்கள்?

ஆய்வகச் சாளரம்

அப்போதே. அவர் பிரிவை விட்டுக் கிளம்பும் முன்பே சிரை இரத்தத்தை எடுத்துவிடுங்கள். பாஸ்டன் ஆய்வில் உறுதிப்படுத்தாமல் போன எட்டுப் பேரை நினைத்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். தொற்று உண்டு என்று அறிவிப்பதற்கு, அடுத்தடுத்து மூன்று சோதனைகள் ரியாக்டிவ் ஆக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. முதல் துளியை மட்டும் நம்பி யாருடைய கோப்பிலும் எதையும் எழுதிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு குறிப்புகள். எச்.ஐ.வி. மருந்தை ஏற்கெனவே உட்கொள்பவருக்கு விரைவுக் கருவி சில வேளைகளில் தவறாகத் 'தொற்று இல்லை' என்று காட்டக்கூடும். எனவே சோதிக்கும் முன் அதைத் தனியாகக் கேட்டுவிடுங்கள். கருவிப் பெட்டிகளை மருந்து அலமாரியில் வைக்கலாம், ஆனால் வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஏடு அதன் அருகிலேயே இருக்க வேண்டும். கருவி சரியாக இயங்குவதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு தெரியாத கருவியின் முடிவு எதுவாக இருந்தாலும் செல்லாது. புதிய கருவியில் மீண்டும் சோதிக்க வேண்டும். இரவுப் பணிக்கு வரும் புதியவர்களுக்கு இதைச் செய்துகாட்டிக் கற்றுக்கொடுக்க எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒருவரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.